அசனத்துக்கு வந்துவிடு, பாப்பா

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான மகள் ஜெபாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாக இருக்க ஜெபித்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஏதாவது ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். பின்னால் குழந்தை அழுகிறான், குக்கர் கத்துகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. எழுதி அனுப்பினால் சின்னவன் தூங்கின பிறகாவது உட்கார்ந்து வாசிப்பாய்.

கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிற மாதம் கடைசி ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. ஞாயிறு காலையில் பண்டிகை ஆராதனையும், அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தும், மத்தியானம் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனம். ஆட்டு விலை ஏறிப்போனதால் இந்த வருஷம் தலைக்கட்டு வரியைக் கூட்டிவிட்டார்கள். எட்வின் அண்ணன்தான் சமையலுக்குப் பொறுப்பு. போன வருஷம் நீ வராததற்குப் பிரசவத்தைக் காரணம் சொல்லி நானே எல்லோருக்கும் சமாதானம் சொன்னேன். இந்த வருஷம் கேட்டால் என்ன சொல்ல?

சின்னவனுக்குப் பல் வந்துவிட்டதா? பல் வருகிற சமயம் ஈறு அரிக்கும், அழுவான், பயப்படாதே. வெள்ளிக்கிழமை உபவாசம் இன்னும் இருக்கிறாயா? பால் கொடுக்கிற உடம்பு, பாப்பா. சாப்பிட்டுவிட்டு ஜெபம் பண்ணு, கர்த்தர் கேட்பார்.

அன்றைக்கு வீடியோவில் நீ தலையைத் திருப்பினபோது காதில் கம்மல் இல்லாததைப் பார்த்தேன். துளை மட்டும் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. நீ ப்ளஸ் டூ முடித்தபோது அப்பா பி.எஃப். லோன் போட்டு நாக்பூர் சீதாபுல்டியில் எடுத்த கம்மல் அது. கழற்றி வைத்திருக்கிறாயா, விற்று ஊழியத்துக்குக் கொடுத்தாயா என்று நான் கேட்கவில்லை. உன் காது, உன் மனசாட்சி. பொன்னாபரணத்தைப் பற்றிப் பேதுரு எழுதின வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் உனக்கு மனப்பாடம் பண்ணவைத்ததே நான்தான். ஆனால் கழற்றினதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உங்கள் பெந்தெகொஸ்து சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததையும் நீ சொல்லவில்லை. கிருபா சித்தி மகள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள், அதில்தான் பார்த்தேன். தொட்டித் தண்ணீருக்குள் வெள்ளைச் சுடிதாரில் நிற்கிறாய். கண் மூடியிருக்கிறது. முடி முழுக்க நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்து அம்மா கோபப்பட்டாள் என்று நினைக்காதே. வசனப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வருவாயே, அந்த முகம்தான். பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் கோயில் வாசலையே மிதிப்பதில்லை என்று எத்தனை பேர் என்னிடம் வந்து அழுகிறார்கள் தெரியுமா. என் மகள் காலை நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்கிறாள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

உன் சபையை விட்டு வா என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே கடிதத்தை மடித்துவிடுவாய்.

அப்பாவுடைய முதல் வருஷ நினைவு ஆராதனை ஞாபகம் இருக்கிறதா? திருவிருந்துக்குப் போதகர் ஐயர் அழைத்ததும் நம்ம வரிசை முழுக்க எழுந்து பீடத்தண்டை போனோம். நான் திரும்பி வருகிறேன், நீ மட்டும் பெஞ்சில் இருக்கிறாய், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு. வயிற்றில் குழந்தை, எழுந்து நிற்க முடியவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் நீ என் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினபோதுதான் புரிந்தது. அன்றைக்கும் நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் உன் போன் குறைந்தது என்று எனக்குப் படுகிறது. இருக்கட்டும்.

அந்தப் பெஞ்சைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆச்சி மயிலாடிக்காரி என்பது உனக்குத் தெரியும். இது தெரியாது. ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் 1946-ல் கல்யாணம். ஆச்சி வீட்டில் லண்டன் மிஷன், தாத்தா வீட்டில் நம்ம சர்ச் மிஷன், அதாவது இங்கிலாந்துச் சபையான ஆங்கிலிக்கன். மயிலாடிச் சபையில் அப்பமும் ரசமும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கே வரும். அவர்களுக்கு பிஷப் கிடையாது, அதனால் பிஷப் தலையில் கைவைத்துத் திடப்படுத்துகிற வழக்கமும் கிடையாது. ஆங்கிலிக்கன் ஒழுங்கில் திடப்படுத்தல் இல்லாதவர்களுக்குத் திருவிருந்து இல்லை. ஆகவே வந்த புதுசில் தாத்தா முன்னே போவார், ஆச்சி பெஞ்சில் இருப்பார். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்களாக இருந்த குடும்பத்துப் பெண், புருஷன் வீட்டுக் கோயிலில் வெளியாள் மாதிரி உட்கார்ந்திருந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வேதத்தைத் திறந்துவைத்துக்கொள்வேன், கண் நிறைந்து எழுத்து ஒன்றும் தெரியாது என்று சொல்வார்.

அடுத்த வருஷமே, சுதந்திரம் வந்து ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி நம்ம தென்னிந்தியத் திருச்சபை ஆயின. லண்டன் மிஷன்காரர்கள் அந்த ஐக்கிய சபைக்குள்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஆச்சியும் எழுந்து முன்னே போனார். சாகிற வரைக்கும் ஒரு திருவிருந்து ஞாயிறைக்கூட விட்டதில்லை. காய்ச்சலோடு போய் நின்றதை நீயே பார்த்திருக்கிறாய். ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று நீ அப்போது கேட்டதற்கு இதுதான் பதில்.

அந்த ஐக்கியம் சும்மா வந்துவிடவில்லை. அசரியா பிஷப் பிறந்த வெள்ளாளன்விளைக்கு உன்னைக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்த ஊர் ஐயருடைய மகன், இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாக 1912-ல் தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு நாட்டில் கிராமம் கிராமமாகச் சுற்றினவர். சுவிசேஷத்தைக் கொண்டுபோகிற நாமே இத்தனை துண்டாகக் கிடந்தால் கேட்கிறவன் யாரை நம்புவான் என்பதுதான் அவருக்கு ராத்தூக்கம் கெடுத்த விஷயம். 1919 மே மாதம் தரங்கம்பாடியில், மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706-ல் வந்து இறங்கின அதே ஊரில், ஆங்கிலிக்கன் போதகர்களும் ஐக்கிய சபைப் போதகர்களும் கூடினார்கள். பெரும்பாலும் நம்ம நாட்டுக்காரர்கள். நமக்குள் இருக்கிற பிரிவுகளை நாம் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து வந்து நம்மேல் விழுந்தவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சபைப் பிரிவினை நம்ம மாதிரி தேசத்தில் பாவமும் இடறலும் என்று 1927-ல் சுவிட்சர்லாந்தில் பல நாட்டுச் சபைகள் கூடின லோசான் மாநாட்டிலும் அசரியா பிஷப் எழுந்து சொன்னார்.

தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரைக்கும் 28 வருஷம். எதில் மாட்டிக்கொண்டார்கள் தெரியுமா? பிஷப் கைவைத்துக் குருப்பட்டம் பெறாதவர் குருவா என்கிற வழக்கில். பிஷப் இல்லாமலே நூறு வருஷத்துக்கு மேல் ஜனங்களை நடத்தின எங்கள் போதகர்களைக் குறைத்துப் பேசுகிறீர்களா என்று மறுபக்கம் கேட்டது. இன்னொரு தடவை தலையில் கைவைத்துவிட்டால் போயிற்று என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் இன்னொரு தடவை என்றால் முந்தி நடந்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அந்தப் போதகர் கொடுத்த திருவிருந்தும், அவர் செய்த அடக்க ஆராதனையும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். கடைசியில், இருக்கிற போதகர்களை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது, இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்கு பிஷப் கைவைப்பது என்று தீர்த்தார்கள். எந்தச் சபையின் மனசாட்சிக்கும் ஒப்பாத ஆராதனை முறையையோ போதகரையோ அதன்மேல் சுமத்தமாட்டோம் என்றும் எழுதி வைத்தார்கள். நம்ம அசரியா பிஷப் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி கர்த்தருக்குள் போய்விட்டார்.

மாப்பிள்ளை ஒரு தடவை, நீங்களும் முழுக்கு எடுத்தால் என்ன மாமி என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் சாப்பிட வாருங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன், அவரிடமும் வாசித்துக் காட்டு. எனக்குக் கைக்குழந்தையில் ஞானஸ்நானம். என் தாய் தகப்பன் எனக்காக வாக்குக் கொடுத்தார்கள். திடப்படுத்தலில் அந்த வாக்கை என் வாயால் நானே சொன்னேன், அதன்படி நடந்துவருகிறேன். ஆச்சி என்னைக் கையில் ஏந்தி நின்ற அந்த நாளை ஒன்றுமில்லை என்று சொல்ல என்னால் முடியாது. நீ தண்ணீருக்குள் இறங்கினதை ஒன்றுமில்லை என்று நானும் சொல்லமாட்டேன். அவ்வளவுதான் நான் கேட்பது.

நம்ம பக்கம் எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. கமிட்டி எலெக்ஷன் வந்தால் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை. கோயில் சொத்துக்குக் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள். முன்னால் இருந்த ஒரு ஐயர் பெந்தெகொஸ்துக்காரர்களை ஆடு திருடுகிறவர்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்தே பேசினார், எனக்கு உடம்பு கூசியது. ஆடு மேய்ப்பில்லாமல் அலைந்தால் யார் குற்றம்? நீ பெங்களூரில் தனியாக ஹாஸ்டலில் இருந்தபோது உன்னைத் தேடி வந்தவர்கள் அந்தச் சபைக்காரர்கள். காய்ச்சலில் கிடந்த உனக்குக் கஞ்சி கொண்டுவந்த அக்காவை நான் மறக்கவில்லை. நம்ம சபையிலிருந்து யாரும் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன் சபையை விடச் சொல்லவில்லை.

இந்த அடிபிடி நம்ம சீமைக்குப் புதுசும் இல்லை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டின ரேனியஸ் ஐயர் ஜெர்மன்காரர், லுத்தரன். ஆங்கிலிக்கன் சங்கத்தின் கீழ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகச் சபைகளை உண்டாக்கினார். இங்கிலாந்துச் சபையின் ஒழுங்குகளைக் குறைசொல்லி எழுதினார் என்று 1835-ல் அவரை விலக்கினார்கள். அவர் திரும்பி வந்தார், பலபேர் அவர் பின்னால் போனார்கள், சபைகள் இரண்டுபட்டன. 1838-ல் அவர் இறந்த பிறகுதான் அது ஆறியது. இப்போது அவரைத் திருநெல்வேலியின் அப்போஸ்தலர் என்கிறோம். அன்றைக்கு எந்தத் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று இன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அன்றைக்கு எவ்வளவு வைராக்கியமாக ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

நீ வளர்ந்த இடத்தை நினைத்துப் பார். நாக்பூர் அஜ்னி குவார்ட்டர்ஸில் நம்ம வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு யார் யார் வருவார்கள்? லூர்து அக்கா ஜெபமாலையோடு வருவார்கள். தஞ்சாவூர் அத்தை லுத்தரன். அவர்கள் சபை 1947 ஐக்கியத்தில் சேரவில்லை, அதனால் அத்தையை நாம் வேறு என்று நினைத்தோமா? மதுரைத் தம்பி பெந்தெகொஸ்து, கை தட்டாமல் அவனால் பாடமுடியாது. லூர்து அக்காவுக்குக் கை தட்டினால் கூச்சம். அதனால் முதல் பாட்டுக்குத் தட்டுவான், இரண்டாவது பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொள்வான். யாரும் அவனுக்குச் சட்டம் போடவில்லை. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை என்றால் எல்லோருக்கும் வரும். இப்போது உங்கள் சபையில் பாதர் பெர்க்மான்ஸ் பாட்டுப் பாடுகிறீர்கள், நம்ம கொயரும் அதைத்தான் பாடுகிறது. அவர் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். பாட்டுக்கு நாம் எல்லோரும் வாயைத் திறக்கிறோம், பந்திக்கு மட்டும் ஏன் பாப்பா இப்படி?

அதே நாக்பூரில்தான் 1970 நவம்பர் 29-ஆம் தேதி வட இந்தியத் திருச்சபை உண்டானது. அதில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களும், வளர்ந்து விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்கிறவர்களும் ஒரே சபைக்குள் இருக்கலாம், இரண்டு முறையும் செல்லும் என்று வைத்துக்கொண்டார்கள். குழந்தையாக ஞானஸ்நானம் வேண்டாம் என்கிற பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்து ஜெபித்துக்கொண்டு போவதை நாம் அங்கே பார்த்திருக்கிறோம்.

ஆகையால் சின்னவனுக்கு ஞானஸ்நானம் எப்போது என்று நான் இனிமேல் கேட்கமாட்டேன். நீ போட்ட சட்டை, ஆச்சி லேஸ் பின்னினது, பீரோவில் நாப்தலின் போட்டு வைத்திருக்கிறேன். அதை எடுத்து வைக்கவா என்று கேட்டது உனக்குப் பாரமாக இருந்திருக்கும். உங்கள் சபையில் பிரதிஷ்டை ஜெபம் பண்ணுகிற நாளைச் சொல்லு, நான் வருகிறேன். அவன் வளர்ந்து தானாகத் தண்ணீருக்கு இறங்கட்டும். நான் இருந்தால் கரையில் நிற்பேன்.

இனி எழுதுவதை எப்படி எழுத என்று தெரியாமல்தான் இத்தனை பக்கம் வளர்த்தேன்.

எட்வின் அண்ணன் மதினி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "நான் பெங்களூரில் ஜெபா வீட்டுக்குப் போயிருந்தபோது ராத்திரி அழுதாள் அத்தை. மாமா முழுக்கு எடுக்காமலே போயிட்டாங்களே, நான் முந்தியே சொல்லியிருக்கணுமேன்னு அழுதாள்." அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ எங்கள்மேல் வருத்தம், நம்ம கோயில் பிடிக்கவில்லை, அம்மாவைப் பட்டிக்காட்டுக்காரி என்று நினைக்கிறாய் என்றெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ அப்பாவை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாய். அதைத்தான் என்னிடம் சொல்லமுடியாமல் போனை வைக்கிறாய்.

பாப்பா, அப்பாவைப் பற்றி யார் உனக்கு அப்படிச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தப் போதகர் சொன்னாலும், அவர் அப்பாவைப் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

அப்பாவுக்கு நாலு பேர் முன்னால் ஜெபிக்க வராது. வீட்டு ஜெபத்தில் முறை வந்தால் பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்துவிடுவார். பாட்டு சுத்தமாக வராது. அந்நிய பாஷை பேசினதில்லை, தரிசனம் கண்டேன் என்று சொன்னதில்லை. ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த கை, அதைத்தான் கர்த்தருக்குக் கொடுத்தார். ரிடையர் ஆகி ஊருக்கு வந்த அன்றிலிருந்து கோயில் ஜெனரேட்டரும் மைக் செட்டும் அவர் பொறுப்பு. பண்டிகைக்கு முந்தின நாள் மணிக்கூண்டில் ஏறி, மணி தொங்குகிற தண்டைப் பழைய துணியால் துடைத்து, விரலால் கிரீஸ் தடவிவிட்டு, கயிற்றில் இற்றுப்போன இடம் இருக்கிறதா என்று கையால் உருவிப் பார்த்துக்கொண்டே இறங்குவார். விரல் இடுக்கில் கிரீஸ் போகாமல் அப்படியே மறுநாள் திருவிருந்துக்குக் கை நீட்டுவார். நான் சத்தம் போடுவேன். அந்தக் கையில்தான் ஐயர் அப்பத்தை வைத்தார்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தது யார்? ஓ நெகட்டிவ் கிடைக்காமல் எட்வின் அண்ணன் அலைந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பெந்தெகொஸ்து சபைப் பையன்கள்தான் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருத்தன் வேலைக்குப் போகிற உடுப்போடேயே வந்து கொடுத்துவிட்டுப் போனான். அவர்கள் பாஸ்டர் ஐ.சி.யு. கதவருகே நின்று, உள்ளே யாருக்கும் தொந்தரவு ஆகக்கூடாது என்று வாய்க்குள்ளேயே ஜெபித்தார். சாயங்காலம் நம்ம ஐயர் திருவிருந்து கொண்டுவந்தார். லூர்து அக்கா நாக்பூரிலிருந்து மகனிடம் சொல்லி வேளாங்கண்ணி எண்ணெய் கொடுத்துவிட்டிருந்தார்கள், அதை நான் அப்பா நெற்றியில் வைத்தேன். மூன்றுக்கும் அப்பா "ஆமென்" சொன்னார். வாய் உலர்ந்து சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. நீ அப்போது கால்மாட்டில் நின்றாய். எந்த ஆமென் செல்லும், எது செல்லாது என்று பிரித்தா சொல்லமுடியும்?

ரோமர் 14-ஐ எடுத்து வாசி. உனக்கு அந்த அதிகாரம் தெரியும். ஆனாலும் அப்பாவை மனசில் வைத்துக்கொண்டு வாசி. "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்? அவன் நின்றாலும் விழுந்தாலும் அவனுடைய எஜமானே அவனுக்கு உத்தரவாளி, அவன் நிலைநிறுத்தப்படுவான்." இதை உன்னைக் கடிந்துகொள்வதற்கு எழுதவில்லை. நீ சுமக்கவேண்டாத பாரத்தைச் சுமக்கிறாய் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு உத்தரவாதம் சொல்கிறவர் வேறே இருக்கிறார். நீ முந்தியே சொல்லியிருக்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை. உன்னால் அப்பாவுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. ராத்திரி அப்படி அழாதே. பால் கொடுக்கிற உடம்பு.

பண்டிகை விஷயத்தை ஐயரிடம் பேசிவிட்டேன். திருவிருந்துக்கு நீ எழுந்து வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உன் மனசு ஒப்பினால் வா, ஒப்பாவிட்டால் பெஞ்சிலேயே இரு, நானும் உன்னோடு இருந்துவிட்டு அடுத்த வரிசையோடு போய்க்கொள்கிறேன். ஐயர் நல்ல மனுஷர், ஒன்றும் கேட்கமாட்டார். பஸ் ஸ்டாண்டுச் சபைப் பாஸ்டரையும் அந்தப் பையன்களையும் அசனத்துக்கு அழைத்திருக்கிறோம். கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எட்வின் அண்ணன், ரத்தம் வாங்கினபோது எந்தச் சபை என்று கேட்டோமா என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டான். வழக்கம்போலப் பக்கத்து ஊர் ஜனமும் வரும், தெற்குத்தெரு பாய் வீட்டிலும் வருவார்கள். ஓலைப்பாயில் சோற்றைக் கொட்டி ஆறவைக்கும்போது வருகிற வாசம் பிடிக்கும் என்று நீ சொல்வாயே. சின்னவனுக்கும் ஒரு வாய் குழையப் பிசைந்து ஊட்டலாம், காரம் இல்லாமல் நான் தனியாக எடுத்துவைக்கிறேன்.

அப்பா போன பிறகு மணிக்கூண்டில் யாரும் ஏறவில்லை, மணி கிறீச்சிடுகிறது. மாப்பிள்ளைக்கு உயரம் பயம் இல்லையென்றால் சனிக்கிழமை எட்வின் அண்ணனோடு ஏறிப் பார்க்கச் சொல்லு. அது எந்தச் சபை உபதேசத்துக்கும் விரோதம் இல்லை என்று நினைக்கிறேன். கிரீஸ் டப்பா அப்பா வைத்த இடத்திலேயே இருக்கிறது.

மைசூர் எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை வந்துவிடலாம். கீழ் பெர்த் பார்த்துப் போடு, குழந்தையை வைத்துக்கொண்டு ஏறி இறங்காதே. ஏசி குளிர் அவனுக்கு ஆகாது, குல்லா போடு. உங்கள் பெயரிலும் தலைக்கட்டு வரி கட்டி ரசீது வாங்கிவிட்டேன். டிக்கெட் போட்டதும் ஒரு மெசேஜ் அனுப்பு, எட்வின் அண்ணனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லு. அவருடைய அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்றும் எழுது. வெள்ளிக்கிழமை ரயிலில் வரும்போதாவது உபவாசம் வேண்டாம், இட்லி கட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா